லேசான செராமிக் தட்டு: தினமும் புழங்கிப் பார்த்ததில் தெரிந்தவை

எங்கள் வீட்டில் தினப்படிச் சாப்பாடு, நான் திரிகையில், அதாவது குயவர் சக்கரத்தில், செய்த ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டுக் கெட்டியாக்கிய மண்) தட்டுகளில்தான். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்குகிறவை அல்ல. காலை இட்லி, மதியம் குழம்பு சாதம், ராத்திரி தோசை எல்லாம் இதில்தான். சில வருடங்கள் இப்படி ஓடிவிட்டன.

கையால் செய்த தட்டு என்றதும் எல்லோரும் சொல்லும் குறை கனம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, கணக்குதான். 26 செ.மீ. அகலத் தட்டின் பரப்பு ஏறக்குறைய 530 சதுர செ.மீ. சுட்ட ஸ்டோன்வேர் ஒரு கன செ.மீ.க்கு 2.3 கிராம் என்று வைத்துக்கொண்டால், தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே எடை 120 கிராம் ஏறிவிடும். 7 மி.மீ. தட்டு 850 கிராம், 5 மி.மீ. தட்டு 610, 4 மி.மீ. தட்டு 490. தட்டு நிற்கும் அடி வளையமும், மேலே பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சான கிளேஸும் தனிக்கணக்கு.

நான் இரண்டு விதமாகச் செய்து புழக்கத்தில் விட்டேன். ஒன்று எவ்வளவு மெலிதாக முடியுமோ அவ்வளவு, அதாவது 4 மி.மீ.; இன்னொன்று 5 மி.மீ.க்குச் சற்று மேலே. கையில் எடுத்ததும் எல்லோருக்கும் பிடித்தது மெலிசுதான். இன்றைக்கு முழுசாக இருப்பதில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. வளைந்து உடைவதைத் தாங்கும் பலம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 5-லிருந்து 4-க்கு இறங்கினால் எடையில் 20 சதவீதம் மிச்சம். பலத்தில் 36 சதவீதம் நஷ்டம். எவர்சில்வர் பாத்திரங்களோடு ஒரே தொட்டியில் கிடந்து, குழாயில் இடிபட்டு வாழவேண்டிய தட்டுக்கு இந்த பேரம் கட்டாது. 26 செ.மீ. தட்டு 600-லிருந்து 700 கிராமுக்குள் இருந்தால் போதும் என்பது என் முடிவு. அதற்குக் கீழே போகவேண்டுமென்றால் போர்சலின் (வெள்ளைப் பீங்கான்) மண்ணுக்கு மாறலாம். அது சூளையில் நெளிகிற நெளிவுக்குத் தனிப் பொறுமை வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரே எடையுள்ள இரண்டு தட்டில் ஒன்று லேசாகத் தெரியும், மற்றது கல்லாகக் கனக்கும். நாம் தட்டை விளிம்பில் பிடித்துத்தான் தூக்குகிறோம். விளிம்பும் அதற்குக் கீழே உள்ள தோள்பகுதியும் தடித்திருந்தால் மணிக்கட்டுக்கு உடனே தெரிந்துவிடும். திரிகையில் ஏற்றும்போதே மெலிதாக இழுத்தால் ஈர மண் தொங்கிச் சரியும். அதனால் ஒன்றரைக் கிலோ மண்ணில் கொஞ்சம் தாராளமாகவே ஏற்றி, தோல்பதத்துக்கு, அதாவது ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே விறைத்து நிற்கும் பதத்துக்கு, காய்ந்தபின் கவிழ்த்துப் போட்டுச் சீவி எடுப்பதுதான் வழி. விரலால் தட்டிக்கொண்டே சீவினால் மண் மெலிய மெலியச் சத்தம் மாறும். ஆனால் விளிம்பின் நுனியைச் சீவக் கூடாது. உருண்டையாக, கொஞ்சம் தடிப்பாக விடவேண்டும். கூரான விளிம்புதான் முதலில் சில்லு பெயரும். என் மெலிசுத் தட்டுகள் போன வழி அதுதான்.

அடி வளையத்தைப் பற்றி வாங்குபவர்கள் யாரும் யோசிப்பதில்லை, நமக்கோ அது ரொம்ப முக்கியம். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். சோற்றை ஓரத்தில் ஒதுக்கி அழுத்தும்போது வளையம் சின்னதாக இருந்தால் தட்டு ஆடும். ரொம்பப் பெரிதாக வைத்தாலோ, 1200 டிகிரிக்கு மேல் மண் இளகும்போது தாங்க ஆளில்லாமல் நடுப்பகுதி தொய்ந்துவிடும். அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வளையம், பெரிய தட்டென்றால் உள்ளே சின்னதாக இன்னொன்று. எடை கொஞ்சம் கூடும், கூடட்டும். விளிம்பும் இரண்டு செ.மீ.யாவது எழும்பி நிற்கவேண்டும். படங்களில் அழகாகத் தெரியும் தட்டைப் பலகை போன்ற தட்டில் ரசம் ஊற்றிப் பாருங்கள், தெரியும். "இது சாப்பிடவா, சுவத்துல மாட்டவா?" என்று என் மாமியார் அப்படி ஒன்றைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி.

கிளேஸ் விஷயத்துக்கு வருவோம். மங்கலான மேட் கிளேஸ் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது, எனக்கும் பார்க்கப் பிடிக்கும். தினப்படிக்கு வேண்டாம் என்பேன். ஸ்பூனும் எவர்சில்வர் கிண்ணமும் உரசி, பென்சிலால் கிறுக்கியதுபோல் சாம்பல் கோடுகள் விழும். அது கீறல் அல்ல, உலோகம் ஒட்டிக்கொள்வது. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் பெருமளவு போகும், ஆனால் திரும்ப வரும். எங்கள் போர் தண்ணீரின் உப்புப் படலமும் மேட் தட்டில்தான் அதிகம் தெரிகிறது. பளபளப்பான கிளேஸ் தட்டுகள் இன்றும் புதிதுபோல இருக்கின்றன. மஞ்சள் கறை கிளேஸ் மேல் நிற்பதில்லை. கிளேஸில் நுண்ணிய வலைக்கோடு விழுந்திருந்தால் அதற்குள் இறங்கிவிடும். மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்குவதால் வருவது அது. அப்படிப்பட்டதைப் பலகாரத் தட்டாக்கிவிட்டேன்.

புளியும் தயிரும் தினமும் படுகிற தட்டு என்பதால் வண்ணக் கிளேஸ் வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். எலுமிச்சைத் துண்டு ஒன்றை ராத்திரி முழுக்க அதன்மேல் வைத்துக் காலையில் கழுவிப் பாருங்கள். அந்த இடம் நிறம் மாறியிருந்தால் கிளேஸ் அமிலத்தில் கரைகிறது, உணவுக்கு வேண்டாம். நிறம் மாறாவிட்டாலும் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை, செய்தவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

மைக்ரோவேவில் வைத்தால் சாதத்தைவிடத் தட்டு அதிகம் சுடுகிறதா? அப்போது மண் சரியாகக் கெட்டிப்படவில்லை, தண்ணீர் குடித்திருக்கிறது. நன்றாக வெந்த ஸ்டோன்வேர் அப்படிச் செய்யாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடேற்றுவதை மட்டும் தவிர்க்கிறோம்.

புதுச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு இதையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்க வசதி உண்டு. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றவர்கள் பலர் அந்த வட்டாரத்திலேயே பட்டறை போட்டிருக்கிறார்கள். போனால் தட்டைக் கவிழ்த்து அடி வளையத்தை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் உங்கள் மேசை கீறும். ஆறு வேண்டுமென்றால் எட்டாக வாங்குங்கள். அடுத்த சூளையில் அதே நிறம் வரும் என்று செய்கிறவராலேயே சத்தியம் செய்ய முடியாது.