சோற்றை விட்ட அண்ணன், நேரத்தைச் சுருக்கிய மைனி, தட்டைச் சுருக்கிய நான்

கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறையில் எங்கள் வீட்டு அடுக்களையில் போன வருடம் முழுக்க மூன்று விதச் சாப்பாடு நடந்தது. அண்ணன் பேலியோ, அதாவது மாவுச்சத்தை ஒதுக்கும் உணவுமுறை. மைனி, அதாவது அண்ணி, பதினாறு மணி நேர விரதம். நான் எதையும் விடாமல் அளவை மட்டும் குறைத்தேன். மூன்று பேருக்கும் பயம் ஒன்றுதான். அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் ஒன்று போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அப்பா ரப்பர் வெட்டுக்குப் போனவர். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பி முந்நூறு மரத்தில் பட்டையைக் கீறி விடுவார், பிறகு பால் எடுத்துச் சுமந்து வருவார். வந்து உட்கார்ந்தால் தட்டு நிறைய மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். அந்த உழைப்புக்கு அது சரியாகவே இருந்தது. வெட்டை நிறுத்திய பிறகுதான் தொப்பையும் சர்க்கரையும் வந்தன. தட்டு மட்டும் குறையவில்லை. இன்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போய் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம், சாப்பிடுவதோ ரப்பர் வெட்டுக்காரர் சாப்பாடு.

அண்ணனின் வழியை முதலில் சொல்கிறேன், அதுதான் வேகமாகப் பலன் காட்டியது. அரிசி, கிழங்கு, பழம், சர்க்கரை எல்லாம் நிறுத்தினார். முட்டை, மீன், தேங்காய், காய்கறி மட்டும். நாலு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. முதல் வாரத்தில் இறங்கிய எடையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் தசையிலும் ஈரலிலும் உள்ள கிளைக்கோஜன் கரையும், அதோடு சேர்ந்திருக்கும் தண்ணீரும் போய்விடும். அதற்குப் பிறகு இறங்கியது உண்மையான இறக்கம்தான், மறுக்க மாட்டேன். ஓணம் வந்தது. அவர் வேலை பார்க்கிற இடத்தில் ஓண விருந்தான சத்யா, பாயசம். அடுத்தது ஒரு கல்யாணம். ஒரு நாள் விட்டதும் எல்லாம் கைவிட்டுப் போனதாக நினைத்துவிட்டார். ஆறு மாதத்தில் ஆறு கிலோ திரும்பி வந்தது.

இந்த வழியை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. உணவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. அந்த வித்தியாசம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. எந்த உணவைக் கடைசிவரை விடாமல் சாப்பிட முடியும் என்பதுதான் கேள்வி. மீனும் கிழங்கும் ஒன்றாகவே வளர்ந்த ஊரில் கிழங்கை ஆயுள் முழுக்க விடுவது அண்ணனால் முடியவில்லை. என்னாலும் முடியாது.

மைனியின் வழி செலவில்லாதது, அடுக்களைக்கும் சுலபம். காலை பதினொரு மணிக்கு முதல் சாப்பாடு, மாலை ஏழுக்குக் கடைசி. நடுவில் கட்டன் சாயா மட்டும், பாலும் சர்க்கரையும் இல்லாமல். இரவு பத்து மணிக்கு டிவி முன் சிப்ஸ் கொறிப்பது நின்றது, அதிலேயே நாலு கிலோ போனது. ஆனால் சீனாவில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், கலோரியைக் குறைத்து எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டவர்களும் அதே கலோரியை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிட்டவர்களும் ஒரு வருட முடிவில் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தார்கள். கடிகாரத்தின் உதவி, கொறிப்பதை நிறுத்துவதில்தான். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்பு உண்டு.

இனி என் வழி. முதலில் நானும் ஏமாந்தேன். சோற்றை விட்டு மதியம் கிழங்கு சாப்பிட்டால் எடை குறையும் என்று நினைத்தேன், எங்கள் ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் நிறுக்கிற சின்னத் தராசில் என் தட்டுக் கிழங்கை வைத்துப் பார்த்தேன். 400 கிராம். நூறு கிராமுக்கு 150 கலோரி என்றாலும் 600 கலோரி, புரதம் ஆறு கிராம்கூட இல்லை. அதே எடை சோற்றில் 520 கலோரிதான்! அதற்கு மேல் தாளிப்பில் ஊற்றிய தேங்காய் எண்ணெய், ஒரு பெரிய கரண்டிக்கு 120 கலோரி.

அன்று முதல் தட்டை மாற்றினேன். கிழங்கு 150 கிராம், சாளை நாலைந்து, அரைத்தட்டு முருங்கைக்கீரைத் துவரனோ (தேங்காய் போட்ட பொரியல்) வெள்ளரியோ. காலையில் புட்டுக்குப் பழமும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தது போய், அரைக் குழல் புட்டும் ஒரு கிண்ணம் பயறும். பயறில் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் பதினொரு மணிக்குப் பசி எடுப்பதில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் தந்த வழிகாட்டியும் மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மெதுவாகத்தான் இறங்கியது. எட்டு மாதத்தில் 84-இலிருந்து 77. இடுப்பு 102 செண்டிமீட்டரிலிருந்து 94. இந்திய ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும், இன்னும் நாலு பாக்கி.

நடையா ஜிம்மா என்றும் வீட்டில் சண்டை உண்டு. எடை குறைக்க இரண்டில் எதை நம்பினாலும் ஏமாற்றம்தான். என் உடம்புக்கு அரை மணி நேர நடையில் சுமார் 130 கலோரி கரையும். வழியில் கடையில் ஒரு பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) சாப்பிட்டால் அது திரும்ப வந்துவிடும். ஆனால் சர்க்கரையைத் தள்ளிப்போட நடைதான் வேண்டும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்ததால் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலே அது நடந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பளு தூக்குவதும் வேண்டும், வாரம் இரண்டு நாள் போதும். வெறும் பட்டினியில் எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் போகும். மார்த்தாண்டத்தில் ஜிம்முக்குக் காசு கட்டினால்தான் ஆகும் என்றில்லை. நான் வீட்டுப் படியில் ஏறி இறங்குகிறேன், இரண்டு குடம் தண்ணீரைத் தூக்குகிறேன்.

எல்லைக்கு அப்பால் கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில் 1007 பேரை ஊர் ஊராகக் குழு சேர்த்து, அவர்களில் ஒருவரையே முன்னின்று நடத்தவிட்டுச் சர்க்கரை தடுப்பு ஆய்வு ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்தால் பழக்கம் நிலைக்கும் என்ற நம்பிக்கை அதன் அடிப்படை. அதைப் படித்த பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

இப்போது காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் ஆற்றுப் பாலம் வரை போய் வருகிறோம். பேலியோவை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மா கிழங்குச் சட்டியோடு வந்து, "மக்களே, ரெண்டு துண்டு கூட வச்சுக்கோ" என்றால், அண்ணன் தட்டை நீட்டாமல் தராசை எடுத்து முன்னால் வைக்கிறார்.