கட்டுரை எழுதுவோருக்கு 3×5 இண்டெக்ஸ் கார்டு: என் மதிப்பீடு

கட்டுரை எழுதுகிறவரின் மேசையில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் எது என்று கேட்டால், 3×5 அங்குல இண்டெக்ஸ் கார்டு, அதாவது குறிப்பெழுதும் சிறிய கெட்டி அட்டை என்றுதான் சொல்வேன். மைண்ட் மேப் செயலிகள், குறிப்பெடுக்கும் மென்பொருட்கள் எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். யோசனைகளைத் திரட்டவும் திரட்டியதை வரிசைப்படுத்தவும் இவ்வளவு உதவுகிற பொருள் வேறொன்றும் என் கைக்கு வரவில்லை.

அட்டையில் இடம் குறைவு. அதுதான் இதன் பலம். இரண்டு மூன்று வாக்கியங்களிலேயே நிரம்பிவிடும். நோட்டில் எழுதினால் ஒரு யோசனை முடியும் முன்பே இன்னொன்று உள்ளே நுழைந்துவிடும். பக்கம் நிறைந்த பிறகு அம்புக்குறி போட்டு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அட்டையில் ஒரு கருத்து மட்டும்தான். அடுத்தது தோன்றினால் அடுத்த அட்டை.

ஆனால் அதில் எழுதுவது முழு வாக்கியமாக இருக்க வேண்டும். இரவில் தேவைக்கு மேல் எரியும் விளக்குகளைப் பற்றி ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்தேன். ‘தெருவிளக்கு’ என்று எழுதி வைத்தால் அது வெறும் தலைப்பு. அதை வைத்து எதையும் முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. ‘மேல்மூடி இல்லாத தெருவிளக்கின் வெளிச்சத்தில் ஒரு பகுதி தரைக்கு வராமல் வானத்துக்குப் போய் வீணாகிறது’ என்று எழுதினால் அது ஒரு கருத்து. உடனே ‘சரி, அதனால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில்தான் அடுத்த அட்டை. கடலாமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சமான திசையை நோக்கி நகரும். கரையில் விளக்குகள் எரிந்தால் கடலை விட்டுவிட்டு நிலத்தின் பக்கம் போய்விடும். அது ஒரு அட்டை. நகர வெளிச்சத்தில் பால்வெளி கண்ணுக்குத் தெரியாமல் போவது இன்னொன்று. யோசனை இப்படித்தான் பெருகுகிறது. இந்தக் கட்டத்தில் நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. பாதி வெந்த கேள்வியாக இருந்தாலும் எழுதிப் போட்டுவிட வேண்டும்.

அப்புறம் எல்லாவற்றையும் மேசையில் பரப்ப வேண்டும். அட்டைக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் வசூலாகிறது. முதலில் பால்வெளியில் தொடங்கி ஆமையில் முடிப்பதாக அடுக்கினேன். ஆமையைத் தூக்கி முன்னால் வைத்ததும் கட்டுரை உயிர்பெற்றது. ஒரு அட்டையை நகர்த்த ஒரு நொடி போதும். எழுதி முடித்த பத்தியை நகர்த்த மனசே வராது. அதனால் எழுதுவதற்கு முன்பே தயங்காமல் மாற்றிப் பார்க்க முடிகிறது.

வரிசை சரியா என்று பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அட்டைகளை வரிசையாகச் சத்தம் போட்டுப் படிப்பேன். இரண்டுக்கு நடுவே ‘ஆனால்’, ‘அதனால்’, ‘ஏனென்றால்’ இவற்றில் ஒன்று இயல்பாக வந்து உட்கார்ந்தால் நல்லது. ‘மேலும்’ மட்டும்தான் பொருந்துகிறது, அடுத்த இடத்திலும் ‘மேலும்’தான் என்றால் அது கட்டுரை ஆகாது, பட்டியல். விளக்குக் கட்டுரையில் தீமைகளைச் சொல்லும் அட்டைகளுக்கும் ‘மூடி போடுங்கள்’ என்ற அட்டைக்கும் நடுவே எதுவுமே உட்காரவில்லை. வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்புகிற வாசகரை நான் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணைக் கூச வைக்கும் விளக்கு பக்கத்து இருட்டில் நிற்பவரைப் பார்க்க விடாது என்று ஒரு புது அட்டை எழுதி நடுவில் வைத்தேன். கட்டுரையின் முக்கியமான பத்தி அதிலிருந்துதான் வந்தது.

நூலகப் பட்டியல் அட்டைகளின் அளவும் கிட்டத்தட்ட இதுதான். நூலகங்களுக்கு அவற்றை அச்சடித்துக் கொடுத்துவந்த ஓசிஎல்சி என்ற அமெரிக்க நூலகச் சேவை அமைப்பு 2015 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டது. எழுதுகிறவர்கள் மட்டும் அட்டையை விடவில்லை. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகளைச் சேர்த்து, எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடுகளால் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தார். அவர் செய்தது வாழ்நாள் முழுக்க நீளும் சேமிப்பு. ஒரு கட்டுரைக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை, குறியீடு போட உட்கார்ந்தால் எழுதவே மாட்டோம். ஸ்க்ரிவனர் மென்பொருளிலும் திரையில் அட்டைகளை அடுக்கும் கார்க் பலகை ஒன்று உண்டு. புத்தக அளவுக்கு எழுதுகிறவர்களுக்கு அது நல்லது. எனக்கு ஒரே பார்வையில் எல்லாம் தெரிய வேண்டும், அதற்குத் திரை போதவில்லை.

குறைகளும் உண்டு. தேட முடியாது. நீளமான மேற்கோளுக்கு இடம் கிடையாது. இரண்டு பேர் வெவ்வேறு இடத்திலிருந்து சேர்ந்து எழுதுவதற்கு உதவாது. மின்விசிறி ஓடினால் மேசை கலைந்துவிடும், அதனால் வரிசை முடிவானதும் மூலையில் எண் போட்டுவிட வேண்டும். ஒரு பக்கச் செய்திக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியதே இல்லை. நாலு வரிக் குறிப்பு போதும்.

வாங்குவதாக இருந்தால் கோடு போடாத வெள்ளை அட்டையாக வாங்குங்கள். கோடு இருந்தால் கடைசி வரி வரை நிரப்பத்தான் கை போகும். மெல்லிய தாளில் மை பின்பக்கம் ஊறும், அடுக்கும்போதும் வளையும். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) கனம் இருந்தால் நிமிர்ந்து நிற்கும். வண்ண அட்டைகள் வேண்டாம் என்பேன். எந்த வண்ணம் எதற்கு என்று யோசிப்பதிலேயே கருத்து நழுவிவிடும். 4×6 அளவும் கிடைக்கிறது, ஆனால் அதில் இரண்டாவது கருத்து நுழைந்துவிடும்.