பெட்டி எந்தப் பக்கம் நிற்கலாம்: ஒரு லோடிங் சாஃப்ட்வேரின் மிக முக்கியமான திரை

கன்டெய்னருக்குள் எந்தப் பெட்டி எங்கே என்று லோடிங் பிளான் போடும் சாஃப்ட்வேர் என்றால், வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழற்றிப் பார்க்கக்கூடிய முப்பரிமாணப் படத்தையும், எத்தனை சதவீதம் நிரம்பியது என்ற எண்ணையும்தான். நான் முதலில் திறப்பது வேறொரு திரையை. ஒவ்வொரு பெட்டியும் எப்படி வைக்கப்படலாம், எப்படி வைக்கவே கூடாது என்று குறித்துவைக்கும் திரை அது. ஏற்றுமதிப் பிரிவில் பிளான் போடுவது என் வேலை. இந்தத் திரை சரியில்லை என்றால் மற்ற எல்லாம் அழகாக இருந்தும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. எங்கள் அலுவலகத்தில் இப்போது ஓடும் சாஃப்ட்வேரை அந்த ஒரு திரையை வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுவேறாக உள்ள ஒரு பெட்டியை ஆறு விதமாக வைக்கலாம். கீழே வரும் முகம் மூன்றில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 90 டிகிரி திருப்பினால் இன்னொன்று. இந்த சாஃப்ட்வேர் அந்த ஆறையும் சின்னப் படங்களாகக் காட்டுகிறது. வேண்டாததைத் தொட்டால் அது மங்கிவிடும். பெயர்களால் குழப்பாமல் படமாகக் காட்டியிருப்பது மிக நல்ல வேலை. புதிதாக வேலைக்கு வந்த பெண் யாரிடமும் கேட்காமலேயே சரியாகக் குறித்தார்.

ஆனால் புதுப் பொருள் ஒன்றைச் சேர்த்ததும் ஆறு நிலைகளும் அனுமதிக்கப்பட்டதாகவே வருகிறது. இது தலைகீழ். நிமிர்ந்த நிலையும் அதன் திருப்பமும் மட்டும் திறந்திருக்க வேண்டும். மற்ற நான்கையும் தெரிந்து திறப்பவர் திறக்கட்டும். பெட்டியின் மேல் இரண்டு அம்புக்குறி அச்சிட்டிருப்பது சும்மா இல்லை. ‘இந்தப் பக்கம் மேலே’ என்பதற்கு ஐஎஸ்ஓ 780 என்ற சர்வதேசத் தரம் வகுத்த குறி அது. நெளி அட்டையில் நெளிவுகள் பொதுவாகச் செங்குத்தாக ஓடும்படிதான் பெட்டி செய்கிறார்கள், மேலே வரும் பாரத்தை அவைதான் தாங்குகின்றன. படுக்க வைத்தால் அந்த வலு பெரும்பகுதி போய்விடும். குளிர்சாதனப் பெட்டியைப் படுக்கவைத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போகும் ஆபத்து உண்டு. திரவம் நிறைந்த டிரம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் சாஃப்ட்வேருக்குத் தெரியாது, நாம் சொன்னால்தான் உண்டு. சொல்ல மறந்தாலும் சேதம் வராதபடி தொடக்க நிலையை அமைப்பது தயாரித்தவர்களின் பொறுப்பு.

எல்லாவற்றையும் நிமிர்த்தியே வைப்போம் என்று பூட்டிவிட்டாலும் நஷ்டம்தான். 60 × 40 செ.மீ. அடித்தளமும் 35 செ.மீ. உயரமும் உள்ள பெட்டியை 40 அடி கன்டெய்னரில் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளளவு சுமார் 12.03 மீட்டர் நீளம், 2.35 அகலம், 2.39 உயரம். அகலத்தில் ஒரு வரிசைக்கு 60 செ.மீ., மற்ற நான்குக்கு 40 செ.மீ. என்று வைத்தால் அடுக்குக்கு 110 பெட்டி. ஆறு அடுக்கில் 660. மேலே 29 செ.மீ. காலி. இனி ஐந்து அடுக்கோடு நிறுத்தி, ஆறாவது அடுக்கில் மட்டும் பெட்டியை 60 செ.மீ. பக்கம் மேல்நோக்கி நிற்கும்படி செங்குத்தாக வையுங்கள். உயரம் 175 கூட்டல் 60, ஆக 235 செ.மீ. அடங்கிவிடுகிறது. அகலத்தில் 40 செ.மீ. வரிசை நான்கு, 35 செ.மீ. வரிசை இரண்டு, மொத்தம் 230 செ.மீ.; அந்த அடுக்கில் மட்டும் 196 பெட்டி. கீழே உள்ள 550ஐயும் சேர்த்தால் 746. அட்டைப்பெட்டி சற்று உப்பும், கடைசி வரிசையில் கதவுச் சட்டம் இடிக்கும், நேரில் சில குறையும். ஆனாலும் வித்தியாசம் பெரிது.

இந்த சாஃப்ட்வேரின் ஆகச் சிறந்த வசதி இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு நிலைக்கும் ‘மேல் அடுக்கில் மட்டும்’ என்று தனியாகக் குறிக்கலாம். மேல் அடுக்கின் மீது எதுவும் ஏறப்போவதில்லை. அதனால் அட்டையின் வலு குறைந்தாலும் உள்ளே இருக்கும் பொருள் சாய்வைத் தாங்குமானால் போதும். துணி, பிளாஸ்டிக் பாத்திரம் போன்றவற்றுக்கு நான் தயங்காமல் இதைத் திறந்துவிடுகிறேன். கண்ணாடிக்கும் திரவத்துக்கும் ஒருபோதும் இல்லை. இந்த ஒரு வசதிக்காகவே இந்த சாஃப்ட்வேரை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

ஒரு குறை உண்டு. மேலே எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதற்கு ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண்தான் கொடுக்க முடியும். நிமிர்ந்து நிற்கும்போது தாங்கும் எடையும் படுத்திருக்கும்போது தாங்கும் எடையும் ஒன்றாக இருக்க முடியாது. நிலைக்கு ஒரு எண் கேட்டிருக்க வேண்டும்.

எந்த நிலை முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசையும் கொடுக்கலாம். முதல் விருப்பத்தில் இடம் இருக்கும்வரை அதிலேயே நிரப்பி, மீந்த இடத்துக்கு மட்டும் அடுத்ததை எடுக்கிறது. தடை வேறு, விருப்பம் வேறு என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்த சாஃப்ட்வேரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விருப்பவரிசை கொடுக்காமல் விட்டால் இரண்டு மூன்று சதவீத இடத்துக்காக ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு பக்கம் திருப்பிப் போட்டுக் காட்டும். வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிக்குள் நின்று ஏற்றுகிறவர்கள் அப்படி ஒரு படத்தை ஏன் பின்பற்ற வேண்டும்? ஒரே சீராக வரிசை வந்தால் அவர்களுக்கும் வேகம், எண்ணிச் சரிபார்ப்பவருக்கும் நிம்மதி.

பேலட், அதாவது சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டு, ஏற்றுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1200 × 1000 மி.மீ. பேலட்டுகளை ஒரே திசையில் இரண்டு வரிசையாக வைத்தால் 40 அடியில் 20. ஒரு வரிசையைத் திருப்பினால் அதில் 12 கொள்ளும், மொத்தம் 22 என்று திரை காட்டும். 12 பேலட்டுக்கும் சேர்த்து மிஞ்சுவது வெறும் 3 செ.மீ., ஆகவே நேரில் 21 என்று வைத்துக்கொள்வதே நல்லது. அதைவிடப் பெரிய விஷயம், 1000 மி.மீ. பக்கத்தில் மட்டும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஃபோர்க் நுழையக்கூடிய இருவழி பேலட் என்றால், திருப்பிய வரிசையில் கதவைப் பார்த்து நிற்பது ஃபோர்க் நுழைய முடியாத பக்கம். ஃபோர்க்லிஃப்ட் எதைத் தூக்கும்? இதற்கென்று தனிக் குறி இந்தத் திரையில் இல்லை. திருப்பத்தைக் கையால் பூட்ட வேண்டும். லேபிள் கதவைப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் முன்பக்கம் பின்பக்கம் என்ற வேறுபாட்டையே இது அறியவில்லை.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது ஒரு மரப்பெட்டி விஷயத்தில். 2.30 மீட்டர் உயரம், 0.80 மீட்டர் ஆழம், நிற்கவேண்டிய இயந்திரம். சாதாரணக் கன்டெய்னரில் நிமிர்ந்து அழகாக நிற்பதாகத் திரை காட்டியது. கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர். படுக்கவைத்தால் கதவைத் தாண்டும் என்பதால் சாஃப்ட்வேர் அனுமதித்துவிட்டது. உள்ளே போனபின் நிமிர்த்த வேண்டாமா? அந்தப் பெட்டியின் மூலைவிட்டம் 2.44 மீட்டர், கூரை 2.39. “உள்ள கொண்டுபோய் இத நிமிர்த்தவே முடியாதுங்க சார்,” என்று லோடிங் மேஸ்திரி படத்தைப் பார்த்த உடனேயே சொன்னார். கதவே 2.58 மீட்டர் உயரம் உள்ள ஹை கியூப் என்ற உயரமான கன்டெய்னருக்கு மாற்றினோம், நேராகப் போனது. கதவில் நுழையும் நிலையையும் உள்ளே நிற்கும் நிலையையும் சேர்த்துச் சோதிப்பது கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. இதைச் செய்யாமல் விட்டதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை.

எக்செல் கோப்பிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்தால் அளவும் எடையும் ஒழுங்காக வருகின்றன; நிலை அமைப்புகள் வருவதில்லை, பழையபடி ஆறும் திறந்துகொள்கின்றன. அதனால் அடிக்கடி போகும் பொருள்களை ஒருமுறை பூட்டி, சாஃப்ட்வேரின் சொந்தப் பொருள் பட்டியலில் சேமித்து, அங்கிருந்தே எடுங்கள். புதுப் பொருள் வந்தால் கணக்கிடும் பொத்தானை அழுத்துமுன் அந்த ஆறு படங்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.