ஆயாவின் மறதி வேறு, நைனாவின் மறதி வேறு

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மறதி. ஆயாவுக்கு 86 வயது, அவர் பெற்ற மகன், எங்கள் நைனாவுக்கு 67. காசிமேட்டில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: "வயசாயிடுச்சுல்ல." ஆயாவுக்கு அது சரி. நைனாவுக்கு அது சரியில்லை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது, அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. வயசு மறதியா, அல்சைமர் என்கிற மறதி நோயா என்று குழம்பி நிற்கும் வேறு வீட்டுக்காவது உதவட்டும் என்றுதான் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஆயாவுக்குப் பெயர்கள் நழுவும். "அதான், கல்மண்டபத்துல இருக்காளே, மூணாவது பொண்ணு கல்யாணத்துக்குக்கூட போனோமே" என்று ஊரைச் சுற்றுவார். முதல் எழுத்தைச் சொன்னால் போதும், பெயரோடு அந்தக் கல்யாணத்துச் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்வார். நைனாவின் கதை அப்படியில்லை. காலையில் அத்தை வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருப்பார், சாயங்காலம் "அத்தை வந்தாங்களே, நெத்திலிக் கருவாடுகூட கொண்டாந்தாங்களே, நீகூட வாங்கி உள்ள வெச்சியே" என்று எவ்வளவு அடியெடுத்துக் கொடுத்தாலும், "அவ வந்து மாசக்கணக்காகுதே" என்பார்.

அடியெடுத்துக் கொடுத்தால் வருகிறதா, வரவில்லையா? என்னைக் கேட்டால் வீட்டில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். வயசு மறதியில் விஷயம் மூளைக்குள் பத்திரமாக இருக்கிறது, தேடி எடுக்கத்தான் நேரமாகிறது. அல்சைமர் நோயில், புது நிகழ்ச்சிகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியும் அதை ஒட்டிய இடங்களும் ஆரம்பத்திலேயே அடிவாங்குகின்றன. நரம்பு செல்லுக்குள் டௌ புரதம் முடிச்சு முடிச்சாகச் சிக்கிக்கொள்ள, வெளியே அமிலாய்டு புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது. பதியவே இல்லாத ஒன்றை எந்தத் துப்பு கொடுத்து வெளியே இழுப்பது?

எங்களை ஏமாற்றியது பழைய ஞாபகம். கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போவதற்கு முன் எந்தச் சந்தில் எந்த மண்டி இருந்தது என்று நைனா இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். "இவ்வளவு சொல்றாரே, இவருக்கா நோய்?" என்றோம். பழசு கடைசியில்தான் கரையும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் கவனம். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, மறதி மறதி என்று அதையே பிடித்துக்கொள்கிறோம். வயசானால் எல்லாமே கொஞ்சம் மெதுவாகும், ஒரே நேரத்தில் ரெண்டு வேலை கஷ்டமாகும். மீன் ஆயும்போது டிவியும் ஓடி பிள்ளைகளும் கத்தினால் "ஒவ்வொருத்தரா பேசுங்க" என்பார் ஆயா, டிவியை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுவார். நைனாவுக்கு ரெண்டு வேலை சேர்ந்தால் ரெண்டுமே கலைந்துவிடும். மீன் வாங்கும்போது பேச்சுக் கொடுத்தால் மீதிக் காசை எண்ணுவது பாதியில் நின்றுபோகும், கையில் நோட்டோடு அப்படியே நிற்பார். ஆலன் பேட்லி என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1980களில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: திரையில் நகரும் ஒன்றைப் பின்தொடர்ந்துகொண்டே எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் சக்திக்கு ஏற்பத் தனித்தனி வேலையின் கடினத்தைச் சரிசெய்து வைத்த பிறகு ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோயில்லாத முதியவர்கள் இளையவர்களைப் போலவே சமாளித்தார்கள். அல்சைமர் உள்ளவர்கள்தான் ரொம்பவும் சரிந்தார்கள்.

இதிலும் நாங்கள் ஏமாந்தோம். வலையையும் வலை ஊசியையும் கையில் கொடுத்துவிட்டால் நைனா ஒரு மணி நேரம் அசையாமல் கண்ணி போடுவார், அதைப் பார்த்துவிட்டு "கவனமெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றோம். கை பழகிய வேலைக்கு மூளையில் வேறு இடம், அது வெகுநாள் தப்பி நிற்கும். ஒரே வேலையில் உட்கார்ந்திருப்பதும் ஆரம்பக் கட்டத்தில் அவ்வளவாகக் கெடுவதில்லை.

இன்னொரு வித்தியாசம், பால் பொங்கி வழிந்த அன்று தெரிந்தது. ஆயா அடுப்பில் வைத்து மறந்தால் தீயும் வாசனைக்கு ஓடிவந்து "ஐயோ, பால மறந்துட்டனே" என்று தலையில் அடித்துக்கொள்வார். நைனா வைத்த பால் தீய்ந்தபோது, பாத்திரத்தைப் பார்த்து "யாரு வெச்சது?" என்று கேட்டார். தன் மறதியைப் பற்றித் தானே புலம்புபவரைவிட, வீட்டார் கவலைப்பட்டும் தனக்கு ஒன்றுமில்லை என்பவரைத்தான் சீக்கிரம் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

முதலில் பார்த்த மருத்துவர் வயசுக் கோளாறு என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்து பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் பி12, தைராய்டு, காது, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஏனென்றால் இவையும் மறதி மாதிரியே வேஷம் போடும், இவற்றுக்கு வைத்தியமும் உண்டு. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் மாதிரியான மறதி நோய்கள் உள்ளவர்கள் சுமார் 7.4 சதவீதம் என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மீதிப் பேருக்கு இல்லை, அப்படியிருக்க வயசானாலே இப்படித்தான் என்று எப்படிச் சொல்வது? இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமரிடம் 1901இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வந்த, இந்த நோயின் முதல் நோயாளிக்கு வயது 51தான்.

படிக்காதவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மறதிக்கான பரிசோதனையில் "கடிகாரப் படம் வரைஞ்சு காட்டுங்க, நூறிலிருந்து ஏழேழா கழிங்க" என்றால் பள்ளிக்கூடமே போகாத ஆயா தோற்றுப்போவார், ஆனால் அவருக்கு நோய் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த அவரோடுதான் இன்றைய அவரை ஒப்பிட வேண்டும். மீன் கணக்கு, வட்டிக் கணக்கு, வீட்டுக்கு வரும் வழி, இதெல்லாம் மாறியிருக்கிறதா என்று மருத்துவரிடம் வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

நைனாவுக்கு இப்போது டோனெபெசில் என்ற மருந்து கொடுக்கிறோம். அது நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். வீட்டில் அவரிடம் "ஞாபகம் இருக்கா?" என்று கேட்பதை மட்டும் எல்லோருமாக நிறுத்திவிட்டோம், ஆயாவைத் தவிர யாருக்கும் அது சுலபமாக வரவில்லை. அத்தை படியேறி வரும்போதே ஆயா உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிடுவார்: "டேய், உன் தங்கச்சி வந்திருக்காடா, உனக்குப் புடிச்ச கருவாடு கொண்டாந்திருக்கா."