திரைப்பூட்டா, சிம் பூட்டா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டும்போதுதான் மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பொள்ளாச்சி வியாழக்கிழமை சந்தையில் கன்று விற்ற பணம் மடியில் பத்திரமாக இருந்தது. போனைத்தான் காணோம். "லாக் போட்டிருக்கேன் கண்ணு, அவனால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

இருட்டுவதற்குள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் சம்பந்திக்கு மாமாவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்: "அவசரம், ஐயாயிரம் போடுங்க." திருடன் லாக்கைத் தொடவே இல்லை. சிம்மை உருவி வேறு போனில் போட்டு, அந்த எண்ணுக்கு வந்த குறியீட்டை வைத்து வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டான். முன்னமே வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குப் பின் (கூடுதலாகக் கேட்கும் ரகசிய எண்) வைத்திருந்தால் அங்கேயே நின்றிருப்பான்.

திரைப்பூட்டு காப்பது போனுக்குள் இருப்பதை: படங்கள், ஆதார் நகல், வங்கி ஆப். அதிலும் பேட்டர்னா, எண்ணா என்றால் கணக்கு பேட்டர்ன் பக்கம்தான். நான்கு இலக்க எண்ணில் 10,000 சேர்க்கைகள், பேட்டர்னில் 3,89,112. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஒரே பார்வையில் மனப்பாடம் செய்துவிடக்கூடியது பேட்டர்ன். கண்ணாடியில் விரல் தடமும் விழும். பலர் போடுவது 'எல்' அல்லது 'இசட்'. என் ஓட்டு ஆறு இலக்க எண்ணுக்கு, கூடவே கைரேகை. பூட்டிய திரையில் ஓடிபி தெரியாதபடி அறிவிப்பையும் மறைத்துவிடுங்கள்.

சிம் பூட்டு வேறு விஷயம். சிம்மை எந்தப் போனில் போட்டாலும், அணைத்துப் போட்டாலும் பின் கேட்கும். மூன்று முறை தப்பினால் சிம் பூட்டிக்கொள்ளும், நிறுவனம் தரும் பி.யு.கே என்ற திறப்பு எண் இருந்தால்தான் திறக்கும். அதையும் பத்து முறை தப்பினால் சிம்மே காலி. நம் ஊரில் வங்கி, யுபிஐ, வாட்ஸ்அப் எல்லாம் அந்த எண்ணை நம்பியே நிற்பதால், இரண்டில் ஒன்றுதான் என்றால் எனக்கு இதுதான் முதலில். முதல்முறை போடும்போது நிறுவனம் வைத்த பழைய பின்னைக் கேட்கும். குத்துமதிப்பாக அடிக்காமல் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ளுங்கள். போனுக்குள்ளேயே பதிந்த இ-சிம்காரர்களுக்கு உருவிப் போகும் பயம் இல்லை.

சிம் பூட்டுக்கு ஒரு விலை உண்டு. தொலைவிலிருந்து போனைத் தேடவும் பூட்டவும் அழிக்கவும் கூகுளின் ஃபைண்ட் ஹப் இருக்கிறதே, அதில் பூட்டவும் அழிக்கவும் போனுக்கு இணையம் வேண்டும். சிம் பின் உள்ள போனை அணைத்துப் போட்டால் பின் கொடுக்கும்வரை டேட்டா வராது. அதாவது இவை இரண்டும் ஒன்றின் காலை ஒன்று வாரும். ஆனால் திருடன் முதலில் செய்வதே அணைத்துச் சிம்மைக் கழற்றுவதுதான்; அதற்குப்பின் ஃபைண்ட் ஹப் பெரும்பாலும் கடைசி இடத்தைத்தான் காட்டும். எங்களுக்குக் காட்டியது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட். அழித்துவிட்டால் இடமும் தெரியாது. நம்பரை மட்டும் வைத்துப் பூட்டும் 'ரிமோட் லாக்' நல்ல வசதி. முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கும் சி.இ.ஐ.ஆர்., அதாவது தொலைந்த போனை முடக்கும் வசதி. 2023 மே முதல் நாடு முழுவதும் நடப்பில் உள்ளது. போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை முடக்கினால் வாளையாறுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அந்தப் போனில் எந்த சிம்மும் எடுக்காது. அதற்குத் தேவையான போலீஸ் புகார் எந்த மாநில ஸ்டேஷனில் என்று நாங்கள் அரை மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சம்பவ எல்லை பார்க்காமல் புகார் கொடுக்கலாம். ஆனால் சி.இ.ஐ.ஆர். போனை நெட்வொர்க்கில் செல்லாததாக்கும் வேலை, தகவலைக் காக்காது. வேகமும் இல்லை: ஓடிபிக்கு மாற்று சிம் வேண்டும், மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அதனால் சிம்மை நிறுத்தச் சொல்வது முதலில், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, அப்புறம் இது.

மாமாவின் ஏடிஎம் கார்டும் போன் உறையின் மடிப்புக்குள்தான் இருந்தது. சிம்மும் கார்டும் சேர்ந்தால் புதிய யுபிஐ பின்னே போட்டுவிடலாம். நல்லவேளை, பேங்க்கில் சொல்லி அன்றே நிறுத்திவிட்டோம்.

புதுப் போனில் சிம் பின் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சார்ஜ் தீர்ந்து அணைந்து எழும்போதெல்லாம் அத்தை போனிலிருந்து கூப்பிடுகிறார்: "அந்த நாலு நம்பர் என்ன கண்ணு?"