கரண்ட் பில்ல குறைக்கிறேன்னு அஞ்சு வருஷம் பட்ட பாடு

நம்மளுது சின்ன ஒர்க்‌ஷாப் தான், மெஷினுக்கு அழுத்தக் காத்து தர்ற ஒரு ஸ்க்ரூ கம்ப்ரஸர், ரெண்டு பெரிய புளோயர் (காத்து ஊதுற ஃபேன்), மத்தபடி மெஷின், லைட்டு, ஏசி. வாங்கின புதுசுல எல்லாமே சூப்பரா தான் தெரியும், அதனால அஞ்சு வருஷம் ஓட்டிட்டு இப்ப எழுதுறேன்.

மொதல்ல எல்லாரும் பண்ற மாதிரி எல்ஈடி மாத்தினோம். வெளிச்சம் நல்லாருக்கு, பில்லுல பெருசா ஒண்ணும் தெரியல, ஏன்னா எங்க கரண்ட் செலவுல முக்கால்வாசி மோட்டார் தான். எந்த மெஷின் எவ்வளவு இழுக்குதுன்னு தனித்தனியா காட்டுற சப் மீட்டர் போட்டிருந்தா அது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், நாங்க போட்டது ஒரு வருஷம் கழிச்சு! நீங்க மீட்டர்ல இருந்து ஆரம்பிங்க. பிளக்குல சொருகுற பவர் சேவர் டப்பாவ பத்தி கேக்கவே கேக்காதீங்க.

உண்மையான திருடன் கம்ப்ரஸர் பக்கம் இருந்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல எல்லா மெஷினும் நின்னுடுச்சு, ஆனா கம்ப்ரஸர் மட்டும் லோடு ஆகுது (அதாவது காத்த அழுத்தி அனுப்புது), அடங்குது, மறுபடி லோடு ஆகுது, யாருமே காத்து எடுக்கலையே அப்ப இது யாருக்கு ஓடுதுன்னு ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்தோம். லோடுல இருந்த நேரத்த மொத்த நேரத்தால வகுத்தா, கம்ப்ரஸர் தரக்கூடிய காத்துல லீக் எவ்வளவு பங்குன்னு வந்துடும். எங்களுக்கு கால்வாசிக்கு மேல! மெயின்டனன்ஸ் அண்ணன் நம்பவே இல்ல, அப்புறம் அவரே சோப்புத் தண்ணியோட சுத்தி வந்தா குவிக் கப்ளர், ஹோஸ் கிளாம்ப், டிரெயின் வால்வுன்னு தொட்ட இடமெல்லாம் நுரை. அடைச்சப்புறம் பிரஷர 8 பார்ல இருந்து 7க்கு இறக்கினோம், ஒரு பார் இறக்கினா சுமாரா 6, 7 சதவீதம் கரண்ட் குறையும். ஒரே ஒரு மெஷின் மட்டும் தகராறு பண்ணுச்சு, அதுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன ஏர் டேங்க் வச்சதும் சரியாயிடுச்சு. ஆனா ஒண்ணு, லீக் திரும்ப வரும். நாலு மாசம் கண்டுக்காம விட்டோம், பழைய கதை தான்.

அடுத்து விஎஃப்டி, அதாவது மோட்டார் ஸ்பீட கூட்டிக் குறைக்கிற டிரைவ். புளோயர, காத்துப் பாதைய அடைக்கிற தகடு (டேம்பர்) பாதி மூடி தான் ஓட்டிட்டு இருந்தோம், அதாவது ஆக்ஸிலேட்டர மிதிச்சுக்கிட்டே பிரேக் போடுற மாதிரி. டிரைவ் போட்டு ஸ்பீட 80 சதவீதத்துக்கு கொண்டு வந்தா பவர் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துடும், ஃபேனுக்கு அது கன மடங்கு கணக்கு, அதாவது 0.8 x 0.8 x 0.8. இதுல முழு திருப்தி. அந்த ஆசையில எப்பவும் ஃபுல் ஸ்பீடுல ஓடுற இன்னொரு மோட்டாருக்கும் ஒண்ணு வாங்கி மாட்டினது தான் முட்டாள்தனம், குறைக்க இடமே இல்ல, டிரைவ் தான் தன் பங்குக்கு கொஞ்சம் தின்னுது. மூணாவது வருஷம் புளோயர் டிரைவ் சூடாகி ட்ரிப் ஆக ஆரம்பிச்சுது, தொறந்தா பேனல் ஃபில்டர் முழுக்க தூசி. இப்ப மாசம் ஒருக்கா ஊதி விடுறோம், அதுவும் ஏர் கன்ல தான், என்ன பண்றது.

அடுத்து கம்ப்ரஸர் சூட்டுல தண்ணி காய வைக்கலாம்னு யோசனை, உள்ள போற கரண்ட்டுல பெரும்பகுதி சூடா தானே வெளிய போகுது. இடம் அளந்து வச்சிருக்கோம், இன்னும் வேலை ஆரம்பிக்கல.