பினாங்கு ஹார்மனி தெரு வாக்கிங் டூர், தாராளமா போலாம்

மலேசியாவுல பினாங்கு ஜார்ஜ் டவுன்ல இந்த டூர நெறைய பேரு நடத்துறாங்க, நாங்க போனது ஒரு லோக்கல் தமிழ் கைடோட. செயின்ட் ஜார்ஜ் சர்ச், சீனரோட குவான் யின் கோயில், குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் கொஞ்ச தூர நடையிலயே வந்துருது. போட்டோ எடுங்க அடுத்தது போலாம்னு வெரட்டாம, இத யாரு உண்டாக்குனாங்கனு தலைவருங்க கதைய வச்சே கொண்டுபோறாரு, எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சுது.

வெள்ளக்காரன் ஆரம்பத்துல ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கப்பித்தான் வச்சிருந்தான், நம்ம ஊர் நாட்டாமை மாதிரி, சண்ட சச்சரவெல்லாம் அந்தந்த ஜனங்க வழக்கப்படி அவரே தீர்த்து வைப்பாரு. 1801ல தமிழ் முஸ்லிம்களோட கப்பித்தான் காதர் மொய்தீனுக்கு பள்ளிவாசலுக்காக கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் குடுத்துச்சு, அதே வருஷம் பெட்டி லிங்கம் செட்டிங்கிற தமிழ்த் தலைவருக்கு குயின் ஸ்ட்ரீட்ல நிலம் கெடச்சு அங்கதான் பின்னாடி 1833ல மாரியம்மன் கோயில் வந்துச்சு. ரெண்டு பேருமே தமிழ் பேசுறவங்க, பக்கத்து பக்கத்து தெரு, இத அங்க நின்னு கேக்குறப்போ நெஜமாவே மனசு நெறஞ்சு போச்சு. குவான் யின் கோயில்ல சாமி கும்பிடுறது மட்டுமில்ல, சீனருங்கள்லயே ஹொக்கியன்காரங்களுக்கும் கான்டனீஸ்காரங்களுக்கும் நடுவுல வர்ற பஞ்சாயத்தும் அங்கயே நடந்திருக்கு.

ஒரே ஒரு கொற. 1807ல ராஜ சாசனம் வந்து 1808ல கோர்ட் தொறந்ததும் கப்பித்தான்களோட தீர்ப்பு சொல்ற அதிகாரம் கொறஞ்சுபோனதையும், 1867 கலவரத்தையும் ரெண்டு வரியில முடிச்சுட்டாங்க. அந்தக் கலவரமே மதச்சண்ட கெடையாதுங்க, கீ ஹின்ங்கிற சீன ரகசிய சங்கத்தோட சேந்து வெள்ளக்கொடிங்கிற முஸ்லிம் சங்கம், துவா பெக் கோங்ங்கிற இன்னொரு சீன சங்கத்தோட சேந்து செவப்புக்கொடிங்கிற முஸ்லிம் சங்கம்னு சீனரும் முஸ்லிமும் ரெண்டு பக்கமும் கலந்துதான் நின்னாங்க. பஞ்சாயத்து பண்ண பெரியவங்க கை தளர்ந்தா ஊரு எப்படி ஆகும்னு இந்த இடத்துலதான் புரியும்னு நான் நெனைக்கிறேன், இதுக்கு கண்டிப்பா இன்னும் கொஞ்ச நேரம் ஒதுக்கணும்.

காலையில சீக்கிரம் போயிருங்க, வெயில் தாங்காது. வெள்ளிக்கிழம மத்தியானம் வேணாம், ஜும்மா நேரத்துல பள்ளிவாசல் உள்ள சுத்திப் பாக்க முடியாது. தைப்பூச சமயத்துல போனீங்கன்னா சீனருங்க ரதத்துக்கு முன்னாடி மலமலையா தேங்கா ஒடைக்கிறதையும் பாக்கலாம். காதர் மொய்தீன் அடக்கஸ்தலம் கம்போங் கோலம்ல பக்கத்துலயே இருக்கு, டூர் லிஸ்ட்ல இல்ல, கைடுகிட்ட முன்னாடியே சொல்லி வச்சுருங்க.